கப் வாங்காத கப்ஸ்!

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருபவர் சுவாமி விவேகானந்தர்தான். 1893-ம் வருஷம் அவர் பேசிய கட்டிடம் இன்று பெரிய கலைக்கூடமாக இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அங்கே போய் ஒரு கும்பிடு போடுவார்கள். கடல் மாதிரி விரிந்து கிடக்கும் மிச்சிகன் ஏரிக்கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு கடைத்தெரு, மூட்டை கட்டல், விமானம். அவ்வளவுதான் சிகாகோ!

என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை நான் அப்படி லேசில் விடுவதில்லை. "இன்னும் ஒரு க்ஷேத்திரம் பாக்கி இருக்கு, வாங்க" என்று சிவப்பு லைன் ரயிலில் ஏற்றி, ஆடிசன் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன். படியிறங்கி நாலு எட்டு நடந்தால் செங்கல் சுவரும் சிவப்பு நிறப் பெயர்ப்பலகையுமாக ஒரு பழைய மைதானம். அதுதான் ரிக்லி ஃபீல்ட். 1914-ல் கட்டியது. 1916-லிருந்து 'சிகாகோ கப்ஸ்' என்கிற பேஸ்பால் குழுவுக்கு இதுதான் சொந்த வீடு.

'கப்ஸ்' என்றால் குட்டிகள். கரடிக்குட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் வீட்டுக்காரர் அதற்கு வேறு அர்த்தம் சொல்லுவார். "பேருதான் கப்ஸு. கையிலே ஒரு கப் கிடையாது!" என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக என்னைக் கேலி செய்தார். கேலியில் நியாயம் இருந்தது. 1908-ல் 'வேர்ல்ட் சீரீஸ்' என்கிற முடிவுப் பந்தயத்தை ஜெயித்த இந்தக் குழு, அடுத்து ஜெயித்தது 2016-ல். கணக்குப் போட்டால் 108 வருஷம்! நமக்கு 108 என்றால் அர்ச்சனை, பிரதட்சிணம், ஜபமாலை. பேஸ்பால் பந்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் போட்டிருக்கும் இரட்டைத் தையலும் 108தான். பார்த்தீர்களா, எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கிறது!

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டம்

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். மட்டை தட்டையாக இராது; சின்ன உலக்கை மாதிரி உருண்டையாக இருக்கும். எறிகிற பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். அடித்துவிட்டு ஓடவேண்டியது சதுரமாக அமைந்த நாலு இடங்களைச் சுற்றி. புறப்படும் இடத்துக்கு 'ஹோம்', அதாவது வீடு என்று பேர். வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று இடங்களைத் தொட்டு, மறுபடி வீட்டுக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். நடுவழியில் மாட்டிக்கொண்டவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கத்தில் மூன்று பேர் அவுட்டானால் எதிர்ப்பக்கத்தின் முறை. இப்படி ஒன்பது சுற்று. கடிகாரம் பார்த்து முடிக்கிற ஆட்டமில்லை.

இன்னொன்று முக்கியம். ஒரு வருஷத்துக்கு ஒரு குழு 162 ஆட்டம் ஆட வேண்டும். ஏப்ரல் பிறக்கும்போது தொடங்கினால் செப்டம்பர் கடைசிவரை அநேகமாகத் தினமும் ஆட்டம்தான். நேற்றுத் தோற்றேன் என்று யாரும் முக்காடு போட்டு உட்கார முடியாது. நம் சமையல் மாதிரிதான். நேற்றுக் குழம்பு அடிப்பிடித்தது என்பதற்காக இன்று அடுப்பு மூட்டாமல் இருக்க முடியுமா?

மத்தியானப் பாட்டி

1983-ம் வருஷம் நான் இந்த ஊருக்கு வந்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். மைதானத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் குடித்தனம். இவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஊருக்கு டெலிபோன் செய்தால் பேச்சைவிடச் செலவுதான் ஞாபகத்தில் நிற்கும். கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம். குழந்தை வீறிட்டு அழுதால், "வயித்து வலியா இருக்கும், கொஞ்சம் ஓமத்தண்ணி குடு" என்று சொல்ல ஓர் அத்தையோ பெரியம்மாவோ கிடையாது. காலையும் மாலையும் எப்படியோ ஓடிவிடும். அந்த மத்தியான நேரம் இருக்கிறதே, அதுதான் மலை மாதிரி எதிரே நிற்கும்.

ஒரு நாள் அப்படித்தான் குழந்தை அழுது தீர்த்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டிலிருந்து ரேடியோ கேட்டது. ஏதோ ஒரு குரல் நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசிக்கொண்டே போயிற்று. குழந்தை கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்! கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வீட்டுச் சொந்தக்கார அம்மாள். வயது அறுபத்துமூன்று. "குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கீழே வா பெண்ணே. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு" என்றார். அன்றிலிருந்து எனக்கு மத்தியான பயம் போயிற்று. அந்த அம்மாள் என் மகளுக்குப் பாட்டியானார். பிறகு எங்கள் எல்லோருக்குமே பாட்டி.

பாட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். நான் முறுக்கு சுற்றிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

"இன்னிக்கு ஜெயிப்பாங்களா பாட்டி?"

"மாட்டாங்க."

"பின்னே எதுக்குக் கேக்கறீங்க?"

"நம்ம பசங்க ஆடறாங்களே!"

இதற்குமேல் நான் என்ன கேட்பது?

மத்தியானத்தில் ஆட்டம் நடந்ததற்கும் ஒரு கதை உண்டு. மற்ற ஊர்களிலெல்லாம் மின்விளக்குப் போட்டு ராத்திரியில் ஆட ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகியும், ரிக்லி ஃபீல்டில் மட்டும் விளக்கு கிடையாது. 1941-ல் வாங்கி வைத்த விளக்குக் கம்பங்களின் இரும்பை, யுத்தம் வந்துவிட்டது என்று முதலாளி அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அப்படியே விட்டுப்போயிற்று. ஆகவே பகலாட்டம்தான். ஆபீஸ் போகிற ஆண்களுக்கு அது அசௌகரியம். வீட்டிலிருக்கும் பெண்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கும் அதைவிட வசதி வேறில்லை.

இதற்கு முன்பே பெண்களை இழுத்துவிட்டவர் வில்லியம் ரிக்லி என்கிற சூயிங்கம் வியாபாரி. 1920-களில் மற்றக் குழுக்காரர்கள், "ரேடியோவிலே சும்மா கேட்டுட்டா யார் டிக்கெட் வாங்குவாங்க?" என்று பயந்தபோது, இவர் எந்த நிலையத்துக்கும் இலவசமாக ஒலிபரப்ப அனுமதி கொடுத்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட பெண்கள், 'அந்த இடம் எப்படித்தான் இருக்கும்?' என்று பார்க்க வந்தார்கள். 'பெண்கள் தினம்' என்று வைத்து அவர்களை டிக்கெட் இல்லாமலே உள்ளே விட்டார். 1930 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, மொத்தம் 51,000 பேருக்குமேல் கூடிவிட்டார்கள். அதில் சுமார் 30,000 பேர் இலவசமாக வந்த பெண்கள்! பாட்டிக்கு அப்போது பத்து வயது. பெண்கள் தினங்களில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனதாகச் சொல்லுவார்.

தோல்வியிலும் எத்தனை ரகம்!

எங்கள் குழு சும்மா தோற்கவில்லை, தாய்மார்களே! விதவிதமாகத் தோற்றது.

1945-ல் வேர்ல்ட் சீரீஸ் ஆட்டத்துக்கு ஒரு சாராயக்கடைக்காரர் தன் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருந்தாராம். நாற்றம் அடிக்கிறது என்று ஆட்டை வெளியே அனுப்பினார்கள். "இனி ஜெயிக்க மாட்டீங்க" என்று அவர் சாபம் கொடுத்துவிட்டதாகக் கதை. அந்த வருஷமும் தோல்வி. அதன்பிறகு 71 வருஷம் வேர்ல்ட் சீரீஸ் பக்கமே போக முடியவில்லை. 1984-ல் அவருடைய உறவினரையும் ஓர் ஆட்டையும் மரியாதையாக மைதானத்துக்கே அழைத்து வந்து பரிகாரம்கூடச் செய்து பார்த்தார்கள். ஆட்டுக்கு மனசு இளகவில்லை!

1961-ல் முதலாளிக்கு ஒரு யோசனை. குழுவுக்கு ஒரே மேனேஜர் எதற்கு? எட்டுப் பயிற்சியாளர்களை வைத்து மாற்றி மாற்றி நடத்துவோம்! ஆளுக்கு ஒரு கை உப்பு அள்ளிப் போட்ட சாம்பார் எப்படி இருக்கும்? அடுத்த வருஷம் 103 ஆட்டத்தில் தோல்வி.

1969-ல் சீசனின் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்தார்கள். செப்டம்பரில் நியூயார்க்கில் ஆடும்போது ஒரு கறுப்புப் பூனை இவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே குறுக்கே போயிற்று. பூனை சகுனம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்! முதலிடம் நியூயார்க்குக்குப் போய்விட்டது.

1979 மே 17 அன்று 22 ரன் எடுத்தார்கள். பேஸ்பாலில் ஐந்து, ஆறு ரன் எடுத்தாலே நல்ல நாள். எதிராளி 23 எடுத்துவிட்டான்! 1984-ல் ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் ஜெயித்து, மிச்ச மூன்றையும் வரிசையாகத் தோற்றார்கள். அந்த ராத்திரி பாட்டி ரேடியோவை அணைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். 1997-ல் சீசன் ஆரம்பமே பதினாலு தோல்வி.

2003 கதை இன்னும் உருக்கம். இன்னும் ஐந்தே பேரை அவுட்டாக்கினால் வேர்ல்ட் சீரீஸ். அப்போது ஓரமாகப் பறந்து வந்த பந்தைப் பிடிக்கப் பார்வையாளர் ஒருவர் கை நீட்ட, ஆட்டக்காரரின் கைக்கு அது வராமல் போயிற்று. பிறகு எதிராளி எட்டு ரன் அடித்தான். பழி முழுவதும் அந்தப் பாவப்பட்ட மனிதர்மேல் விழுந்தது. அந்தப் பந்தை ஏலத்தில் எடுத்த ஹோட்டல்காரர்கள் 2004-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதோடு விட்டார்களா? மறு வருஷம் மிச்சமிருந்த நாரையும் நூலையும் கொதிக்கவைத்து, அதன் ஆவியைப் பிடித்து, ஒரு சாஸில் கலந்து பரிமாறினார்கள். தோல்வியை ரசம் வைத்துக் குடித்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

இத்தனைக்கும் நடுவில் எர்னி பேங்க்ஸ் என்று ஒரு மனிதர். 1953-ல் இந்தக் குழுவில் சேர்ந்த முதல் கறுப்பின ஆட்டக்காரர். 19 சீசன் ஆடினார். 512 ஹோம் ரன் அடித்தார். முடிவுப் பந்தயம் ஒன்றில்கூட ஆடும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. நல்ல வெயிலடித்தால், இன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு ஆட்டமாக ஆடலாமே என்பாராம்! மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது.

கொடி சொல்லும் சேதி

உள்ளே போனதும் கண்ணில் படுவது சுவர் முழுக்கப் படர்ந்திருக்கும் பச்சைக்கொடி. 1937-ல் நட்டது. ஏப்ரலில் போனால் வெறும் காய்ந்த குச்சிகள்தான். மே மாதம் துளிர்த்துவிடும். அடித்த பந்து சில சமயம் இலைக்குள் புகுந்து காணாமல் போகும். உடனே ஆட்டக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். அடித்தவருக்கு இரண்டாவது இடம்வரை அனுமதி.

அதற்கு மேலே பெரிய பச்சை நிற ஸ்கோர் பலகை. அதுவும் 1937-தான். இன்றும் உள்ளே ஆட்கள் இருந்து நம்பர் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பலகை உச்சியில் ஒரு கொடி ஏறும். வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ' என்றால் வெற்றி. நீலக் கொடியில் வெள்ளை 'எல்' என்றால் தோல்வி. ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொள்வார்கள். 'இன்னிக்கு வீட்டிலே என்ன மூஞ்சியோட இருப்பாங்க' என்பது வாசலை மிதிக்குமுன்பே தெரிந்துவிடும்!

எதிர்க்குழு அடித்த ஹோம் ரன் பந்து காலரியில் விழுந்தால் அதை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்துவிட வேண்டும். சட்டமில்லை, சம்பிரதாயம். ஏழாவது சுற்றின் நடுவில் எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்துப் பாடுவார்கள். ஜெயித்த நாளில் பாடுவது 'கோ கப்ஸ் கோ'. அதை 1984-ல் எழுதியவர் ஸ்டீவ் குட்மன். ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் கப்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்ததற்கு நாலு நாள் முன்பு, முப்பத்தாறு வயதில் காலமாகிவிட்டார்.

பாவாடை கட்டிய வீராங்கனைகள்

1988 ஆகஸ்ட் 8-ம் தேதி ஒருவழியாக விளக்குப் போட்டார்கள். எங்கள் பேட்டைக்காரர்களில் பலருக்குச் சம்மதமில்லை. வருணபகவானுக்கும் சம்மதமில்லை போலிருக்கிறது. நாலாவது சுற்றில் கொட்டித் தீர்த்துவிட்டார். ஆட்டம் ரத்து, முதல் ராத்திரி ஆட்டம் என்று மறுநாள் ஆட்டம்தான் கணக்கில் ஏறியது.

ஆனால் பாட்டி சிரித்தார். "ராத்திரி ஆட்டம் இங்கே புதுசா? பொண்ணுங்க அப்பவே ஆடியாச்சு!" உண்மைதான். யுத்தத்தில் ஆண்கள் ராணுவத்துக்குப் போனபோது, 1943-ல் கப்ஸ் முதலாளி பெண்களுக்கென்றே ஒரு பேஸ்பால் லீக் தொடங்கினார். தேர்வு நடந்தது ரிக்லி ஃபீல்டில். குட்டைப் பாவாடை, உதட்டுச் சாயம் கட்டாயம். நாகரிகப் பயிற்சி வகுப்பு வேறு! பாவாடையோடு மண்ணில் சறுக்கி விழுந்து தொடையெல்லாம் சிராய்த்துக்கொண்டு ஆடினார்கள். அந்த ஜூலையில் தற்காலிக விளக்குகள் வைத்து, இதே மைதானத்தில் ராத்திரியில் ஆடினார்கள். ஆண்களுக்கு 45 வருஷம் முன்னால்! 1954 வரை அந்த லீக் நடந்தது. 1992-ல் வந்த 'எ லீக் ஆஃப் தெர் ஓன்' என்ற படம் இவர்கள் கதைதான்.

சுவரில் எழுதிய பெயர்கள்

பாட்டி 2009-ல் போய்விட்டார். எண்பத்தொன்பது வயது. கடைசிக் கோடையில் காது மந்தமாகிவிட்டது. ரேடியோவை அலறவைத்துக்கொண்டு என் மகளிடம், "நான் பார்க்காட்டா நீ பார்த்துச் சொல்லு" என்பார். 1908-ல் கப்ஸ் ஜெயித்தபோது பாட்டி பிறக்கவேயில்லை. பிறந்தது முதல் போனதுவரை ஒரு வேர்ல்ட் சீரீஸ் வெற்றியைக்கூடப் பார்க்காத ஆயுசு அது. எர்னி பேங்க்ஸும் 2015 ஜனவரியில் போனார்.

2016-ல் வேர்ல்ட் சீரீஸ் வந்தது. எதிராளி கிளீவ்லாந்து. ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும். நாலு ஆட்டம் முடிந்தபோது மூன்று அவர்கள் கையில், ஒன்று நம் கையில். "வழக்கம்போலத்தான்" என்றார் இவர். ஆனால் அடுத்த இரண்டையும் கப்ஸ் ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது சுற்றுவரை முன்னிலை. பிறகு எதிராளி சமன் செய்துவிட்டான். ஒன்பது சுற்று முடிந்ததும் மழை! பதினேழு நிமிஷம் ஆட்டம் நின்றது. அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் ஓர் அறையில் கூடித் தங்களுக்குள் தைரியம் சொல்லிக்கொண்டார்களாம். பத்தாவது சுற்றில் இரண்டு ரன். 8-க்கு 7. ஜெயித்துவிட்டார்கள்! தேதி நவம்பர் 2, சிகாகோவில் நள்ளிரவுக்குச் சற்று முன்.

மறுநாள் மகளும் நானும் மைதானத்துக்குப் போனோம். வெளிச்சுவர் முழுக்க யார் யாரோ கலர் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் பெயரோ என்று கிட்டப் போய்ப் பார்த்தால், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா என்று இருந்தது. பார்க்காமலே போனவர்களின் பெயர்கள். தெருவுக்குத் தெரு, செங்கல்லுக்குச் செங்கல். கைக்கெட்டும் உயரத்தில் இடமே இல்லை. யாரோ ஒரு இளைஞர் தன் மகளைத் தோளில் தூக்கி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி பல நூறு மைல் கார் ஓட்டிப்போய், கல்லறை அருகே உட்கார்ந்து ரேடியோவில் கடைசி ஆட்டத்தைக் கேட்ட மகனைப் பற்றியும் செய்தி வந்திருந்தது.

நாங்களும் ஒரு மூலையில் இடம் பிடித்தோம். மகள் பாட்டியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாள். கீழே நான் தமிழில் 'பாட்டி' என்று எழுதினேன். அதற்கும் கீழே மகள், "ஜெயிச்சாச்சு" என்று எழுதிவிட்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த ஊர் ஜனங்கள் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தது கோப்பைக் கனவை மட்டுமல்ல என்று. அம்மாவோடு போன பெண்கள் தினம், மாமாவோடு கொறித்த வேர்க்கடலை, யாரோ ஒரு பாட்டியின் சமையலறை ரேடியோ. இவற்றைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்நிய ஊரில் ஒரு மத்தியானத்தைக் கொடுத்து ஆளாக்கியது அந்தத் தோற்ற குழுதான்.

ஜெயித்த பிறகு கப்ஸ் மாறிவிட்டதா என்கிறீர்களா? 2021 ஜூலையில், கோப்பை வாங்கித் தந்த முக்கியமான மூன்று ஆட்டக்காரர்களை இரண்டே நாளில் வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டது. மறுபடி தோற்க ஆரம்பித்ததும்தான் என் வீட்டுக்காரருக்கு நிம்மதி. பழைய கேலியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்!

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். ஸ்வெட்டரும் குழந்தைக்குக் காது மூடிய குல்லாவும் அவசியம். ஜூலையில் நேர்மாறு; தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். பழைய கட்டிடமாதலால் சில இடங்களில் தூண் மறைக்கும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் சுற்றிக்காட்ட ஏற்பாடு உண்டு. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்: தோலோடு வறுத்த வேர்க்கடலை கிடைக்கும். உரித்துத் தோலைக் காலடியிலேயே போடுகிறார்கள், நம் ஊர் டூரிங் டாக்கீஸ் மாதிரி! பாகு பூசிய சோளப்பொரியும் கடலையும் கலந்த 'கிராக்கர் ஜாக்', நம் பொரி உருண்டையைக் கட்டாமல் உதிர்த்த மாதிரி இருக்கும். குழந்தைகள் விடமாட்டார்கள்.

திரும்பும்போது ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து பலகை உச்சியைப் பாருங்கள். வெள்ளைக் கொடி பறந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நீலக் கொடி பறந்தாலும் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது!